மேல்வரிசை

அத்தியாயம் பதினொன்று

ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பது யாருக்குமே கஷ்டம்தான். ஏலம் கூவிப் பிழைக்கிறவருக்கு அது சிறைவாசம்.

காய்கறி மொத்தச் சந்தையில் அவருக்கு ‘வெண்கலம்’ என்று பெயர். குரலுக்காகச் சந்தை வைத்த பெயர். அவர் மேடையேறி ‘ஒரு தரம்’ என்றால், கடைசி வாசலில் மூட்டை இறக்குகிறவர்கூடத் தலையைத் திருப்புவார். அப்படிப்பட்டவர், ஆள் நிறைந்த காலை வேளையில் ‘மூணு தரம்’ என்று இழுத்தபோது, மேல்செட்டுப் பல் கழன்று ஒரு பெட்டித் தக்காளியின் மேல் போய் உட்கார்ந்துகொண்ட கதை உங்களுக்குத் தெரியும். சந்தையே குலுங்கிச் சிரித்தது. கட்டிய மனைவிகூடப் பார்க்காத பொக்கை வாயை ஊரே பார்த்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், அதன்பிறகு சந்தைப் பக்கம் தலைகாட்டவில்லை. அவர் இடத்தில் நின்று கூவுவது அவருடைய தம்பி.

அப்பாவைப் படுக்கையிலிருந்து எழுப்பியது மகள். அவள் பல் லேப்பில் வேலை செய்கிறவள். யார் யாருக்கோ பல் செய்துகொடுத்துக்கொண்டிருந்தவள், இந்த முறை அப்பாவுக்குச் செய்தாள். தாடை எலும்பில் திருகு இறக்கி, மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, கழன்று விழாத பல். “காலையில போறோம்ப்பா, சாயங்காலம் பல்லோட வர்றோம்” என்று அவள் சொன்ன ஒரே வார்த்தைக்காகத்தான் வெண்கலம் சரி என்று தலையாட்டினார்.

அந்தக் காலை இன்று விடிந்தது.

*

“என்னங்க, பயமா இருக்கா?” என்று பல் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது மனைவி கேட்டாள்.

அவர் கையால் வாயை மறைத்துக்கொண்டு, “பயமா? எனக்கா? ஞாயித்துக்கிழமைய நினைச்சிட்டிருக்கேன்” என்றார்.

வருகிற ஞாயிறு சந்தையில் புதுக் கொட்டகை திறக்கிறார்கள். முதல் ஏலத்தை வெண்கலம்தான் கூவ வேண்டும் என்று சங்கச் செயலாளர் வீடு தேடி வந்து கேட்டிருந்தார். புதுப் பல் வரப்போகிற தைரியத்தில் இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

நர்ஸ் வந்து அவரை உள்ளே கூப்பிட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மேடையேறுகிற அதே நடையில் போனார்.

அம்மாவும் மகளும் நடைபாதை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அம்மா தையற்காரி. சும்மா உட்காரத் தெரியாதவள். பையிலிருந்து யாருடைய சட்டையையோ எடுத்துக் காஜா எடுக்க ஆரம்பித்தாள். மகள் மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் ஈரப் பஞ்சில் இரண்டு வரிசைப் பல்.

“ஒரு தடவை காட்டேன்.”

“நேத்தே பார்த்தியேம்மா.”

“நேத்து பார்த்தது நேத்தோட போச்சு. காட்டு.”

மகள் மூடியைத் திறந்தாள். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இம்மி அளவு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. வெண்கலத்துக்கு இளவயதில் அப்படித்தான் இருந்ததாம். அம்மா தன் சுண்டு விரலையும் மோதிர விரலையும் குறுக்கே வைத்துக் காட்டிச் சொன்னதைப் பார்த்து மகள் மெழுகில் இழைத்தாள். போன வாரம் அந்த மெழுகுப் பல்லை அப்பா வாயில் வைத்து, கண்ணாடிக்கு முன் உட்காரவைத்து, “ஏதாவது பேசுங்கப்பா” என்றாள். அவர் “ஒரு தரம்” என்றார். ‘த’ சரியாக விழவில்லை. நாக்கு போய்த் தட்ட முன்பல்லின் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் மெலிய வேண்டும். சுரண்டினாள். மறுபடி “ஒரு தரம்.” மறுபடி சுரண்டினாள். கடைசியில் ஒரு ‘தரம்’ வந்தது பாருங்கள், வெளியே காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

“அவர் அந்தக் காலத்துல சிரிச்ச மாதிரியே இருக்குடி” என்று சொல்லி, அம்மா டப்பாவைத் தானே மூடினாள்.

*

கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா வெளியே வந்தபோது, அம்மாவின் ஊசி பாதித் துணியில் நின்றது. முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வருகிற டாக்டர் நல்ல செய்தியோடும் வரலாம், கெட்ட செய்தியோடும் வரலாம். இவர் இரண்டையும் கொண்டுவந்திருந்தார்.

“கீழ்த்தாடை நல்லா இருக்கு. ஆடிக்கிட்டிருந்த பல்லெல்லாம் எடுத்தாச்சு. திருகு நாலும் கல்லுல அடிச்ச ஆணி மாதிரி நிக்குது. கீழ்வரிசைய இன்னிக்கே மாட்டிடலாம்.”

“மேல?” என்றாள் மகள்.

“மேல முன்னாடி ரெண்டும் பரவாயில்ல. பின்னாடி ரெண்டும் பிடிக்கல. எலும்பு பஞ்சு மாதிரி இருக்கு. இறுக்கினா சுத்துது. பல்லு போய் ரொம்ப வருஷம் ஆச்சில்ல, எலும்பு கரைஞ்சு போயிருக்கு. திருகை உள்ளேயே விட்டுத் தச்சுடறேன். எலும்பு மெல்ல வளர்ந்து அதைப் பிடிச்சுக்கும். அப்புறம் மேல்வரிசைய மாட்டலாம்.”

“அப்புறம்னா?” என்றாள் அம்மா.

“சில மாசம் ஆகும்மா. நடுவுல, புண் ஆறினதும் கழட்டி மாட்டற செட்டு ஒண்ணு தர்றோம்.”

கழட்டி மாட்டுகிற செட்டு. அதை வீட்டில் யாராவது உச்சரித்தாலே அவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

“டாக்டர், முன்னாடி இருக்கிற ரெண்டுல மட்டும் மாட்டினா? மெல்லுறதே வேண்டாம், சூப்பு குடிச்சுக்கட்டும். ஒரு வாரத்துக்கு மட்டும்...”

கேட்கும்போதே மகளுக்குத் தன் கேள்வியின் லட்சணம் தெரிந்தது. லேப்பில் வேறு யாராவது கேட்டிருந்தால் அவளே சிரித்திருப்பாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“ஈர மண்ணுல நட்ட கம்பத்துல நீங்க ஊஞ்சல் கட்டுவீங்களா?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மாட்டச் சொன்னா மாட்டிடலாம். ஆனா பிடிச்சிருக்கிற ரெண்டும் சேர்ந்து போயிடும். அப்புறம் மறுபடி திருகு வைக்கிற அளவுக்கு அங்க எலும்பு மிஞ்சாது. உள்ளே போய்ப் பார்த்தாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்னு அன்னிக்கே சொன்னேனே, அப்பாகிட்ட சொன்னீங்களா?”

சொல்லவில்லை. டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மீதியைச் சொன்னால் அப்பா மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவாரோ என்று வழியிலேயே விழுங்கிவிட்டாள்.

“நான் சொல்றேன், டாக்டர். நானே சொல்றேன்.”

“நானும் வரவா?” என்றாள் அம்மா.

“வேண்டாம்மா. உன்னைப் பார்த்தா அவர் வாயை மூடிக்குவார்.”

*

நாற்காலி சாய்ந்திருந்தது. மயக்கம் லேசானதுதான், கண் விழித்திருந்தார். கீழ்ப்பல்லும் போனதில் கன்னம் இரண்டும் உள்ளே போய், முகவாய் மூக்கை எட்டப் பார்த்தது. நாடா இழுத்த சுருக்குப்பை மாதிரி உதடு. மகளுக்கு அப்பாவின் முகம் தெரியும். இந்த முகம் தெரியாது. தெரியாத மாதிரி காட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

“அப்பா, கீழே திருகெல்லாம் ஜோரா நிக்குது. மேல்வரிசை இன்னிக்கு மாட்ட முடியாது.”

அவருடைய விரல்கள் இறுகின.

“எலும்பு பிடிக்கல. மாட்டினா எல்லாமே போயிடும். கொஞ்ச மாசம் பொறுக்கணும்.”

“போடு.” மரத்துப்போன உதட்டில் அந்த வார்த்தை ஒழுகிக்கொண்டு வந்தது.

“முடியாதுப்பா.”

“ஞாயிறு...”

“தெரியும்ப்பா. இப்படி ஆகலாம்னு டாக்டர் முன்னாடியே சொன்னாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல. சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு பயந்துட்டேன். தப்பு என்னுது.”

வெண்கலம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை உருவிக்கொண்டார். அவர் சொன்னது தெளிவாக இல்லை. ஆனாலும் அவளுக்குப் புரிந்தது.

“சிரிச்சது சந்தைக்காரங்க. ஏமாத்தினது நீ.”

தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மா அவர் தோளைத் தொட்டு, “ஐயா, கீழ்வேலைய முடிச்சுடலாமா?” என்று கேட்டார். ஒரு விரல் உயர்ந்தது. மேடையில் விலை ஏறினால் உயர்த்துகிற அதே விரல். இன்று அதில் உயிர் இல்லை.

*

நடைபாதையில் இன்னொரு கலவரம் காத்திருந்தது.

சித்தப்பா வந்திருந்தார். சந்தையிலிருந்து நேராக. சட்டையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. அம்மா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை, காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, அண்ணன் எப்படி இருக்கார்?”

ஊசிதான் பதில் சொன்னது; சரக் சரக்கென்று.

ஒரு மாதமாக இப்படித்தான். பல் விழுந்த அன்று, கீழே குனிந்து தேடிக்கொண்டிருந்த அண்ணனைத் தாண்டித் தம்பி மேடையேறினார். விட்ட இடத்திலிருந்து விலையைப் பிடித்துக் கூவினார். அண்ணன் விழுந்த இடத்தில் தம்பி எழுந்து நின்றார் என்று யாரோ வந்து சொன்னதை அம்மா அப்படியே மனசில் தைத்து வைத்திருந்தாள்.

“ஆரஞ்சு கொண்டுவந்திருக்கேன். சாறு பிழிஞ்சு...”

“சாறா?” அம்மா வாயைத் திறந்தே விட்டாள். “புண்ணுல புளிப்பு ஊத்தவா? இருக்கிற எரிச்சல் போதாதா? மேல்பல்லு இன்னிக்கு இல்லன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமையும் மேடை உங்களுக்குத்தான். போய்ச் சந்தோஷமா கூவுங்க.”

“அண்ணி!”

“என்ன அண்ணி? கூடப் பிறந்தவர் குனிஞ்சு தக்காளிக்குள்ள பல்லைத் தேடறார். ஓடிப்போய்க் கையப் பிடிச்சுத் தூக்கியிருக்க வேண்டாமா? அந்த நேரத்துல மேடைதானா பெரிசாப் போச்சு?”

சித்தப்பா ஆரஞ்சுப் பையை நாற்காலியில் வைத்தார். குரல் கரகரவென்று, அரம் வைத்து ராவினது போல வந்தது.

“எல்லாரும் சிரிச்சாங்க, அண்ணி. நான் போய்த் தூக்கியிருந்தா இன்னும் சிரிச்சிருப்பாங்க. அதட்டினா அதுக்கும் சிரிச்சிருப்பாங்க. சந்தைக்காரன் எதுக்குச் சிரிப்பை நிறுத்துவான்? விலைக்கு மட்டும்தான். அதான் ஏறி நின்னு விலைய ஏத்தினேன். வாங்கற ஆளே இல்லாம ஏத்தினேன். எல்லாரும் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினாங்க. அந்த நேரத்துல அண்ணன் பல்லை எடுத்துக்கிட்டு வெளிய போகட்டும்னுதான்... எனக்கு வேற வழி தெரியல, அண்ணி.”

அம்மாவின் கை நின்றது.

“அந்தப் பெட்டியெல்லாம் கடைசியில நானே வாங்கிக்கிட்டேன்” என்றார் சித்தப்பா. “வீடு பூரா தக்காளி. உங்க ஓரகத்தி இன்னும் திட்டிக்கிட்டிருக்கா.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. எதை முதலில் அடக்குவது என்று தெரியாமல் முகத்தைச் சட்டைத் துணியில் புதைத்துக்கொண்டாள். அடுத்தவர் சட்டை என்பது அப்போது அவளுக்கு நினைவில்லை.

பக்கத்து அறைக் கதவு ஒருச்சாய்த்து இருந்தது. தையல் முடிந்து, கன்னத்தில் ஐஸ் பையோடு அங்கே படுக்கவைக்கப்பட்டிருந்தார் வெண்கலம். வாயில்தான் மரப்பு. காது நன்றாகவே கேட்டது.

*

கீழ்வரிசையை மாட்டுவதற்கு முன் ஓரங்களை இழைக்க வேண்டியிருந்தது. மகளும் டாக்டரம்மாவும் நடைபாதைக் கோடியில் இருந்த சின்ன அறைக்குப் போனார்கள். வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பா, “எங்க அண்ணனை நல்லா பார்த்துக்கங்க, டாக்டர்” என்றார்.

டாக்டரம்மா நின்றார்.

“உங்க குரல் எப்பவும் இப்படித்தானா?”

“இல்ல டாக்டர். ஒரு மாசமா ஏலம் கூவுறேன்ல, கத்திக் கத்தி...”

“கூவ ஆரம்பிச்ச பிறகுதான் இப்படி ஆச்சா?”

சித்தப்பா டம்ளரைப் பார்த்தார். “அதுக்கும் முன்னாடியே கொஞ்சம் இருந்துச்சு. போயிடும்னு விட்டுட்டேன்.”

“வாயைத் திறங்க.” டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கை ஒதுக்கிப் பார்த்தார். கழுத்தை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். “வாய் வரைக்கும் எனக்குத் தெரியும். வாயில ஒண்ணும் இல்ல. அதுக்குக் கீழே தொண்டை டாக்டர்தான் பார்க்கணும். இத்தனை நாள் குரல் கம்மினா சும்மா விடக் கூடாது. நாளைக்கே போங்க. அவங்க பார்க்கிற வரைக்கும் கூவக் கூடாது. குசுகுசுன்னுகூடப் பேசாதீங்க.”

“பயப்படற மாதிரி ஏதாவதா, டாக்டர்?” என்றாள் மகள்.

“பார்த்தாத்தான் தெரியும். ஒண்ணும் இல்லாமலே போகலாம். அதனாலதான் பார்க்கணும்.”

டாக்டரம்மா உள்ளே போனதும் சித்தப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“குட்டி, இதை அண்ணன்கிட்ட சொல்லிடாதே. உங்கம்மாகிட்டயும் வேண்டாம். அவர் பாவம், வாய் நிறைய தையலோட இருக்கார். ஞாயித்துக்கிழமை ஒண்ணு தாண்டட்டும். திங்கக்கிழமை முதல் வேலையா நானே போய்க் காட்டறேன்.”

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். உள்ளே போய்க் கீழ்வரிசையைக் கையில் எடுத்தாள். ஓரத்தை இழைத்தாள், மெருகுச் சக்கரத்தில் வைத்துப் பளபளப்பாக்கினாள்.

*

பிற்பகலில் கீழ்வரிசை ஏறியது. திருகுகளை முடுக்கி, துளைகளை வெள்ளைப் பசையால் அடைத்து, டாக்டரம்மா கண்ணாடியைக் கொடுத்தார். வெண்கலம் தன்னைப் பார்த்தார். கீழே வெள்ளை வெளேரென்று ஒரு வரிசை. மேலே வெறும் ஈறும் தையலும்.

கண்ணாடியை மனைவியிடம் நீட்டினார். கையால் வாயை மறைக்கவில்லை. அவள் அந்த வாயைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

“பாதிக் கிணறு தாண்டியாச்சு” என்றாள் அவள்.

“பாதிக் கிணறு தாண்டினா உள்ளேதாண்டி விழணும்” என்றார் அவர். மரப்பு விட்டிருந்தது. ‘த’ எல்லாம் காற்றாகப் போனாலும் சொன்னது புரிந்தது. முதலில் சிரித்தது அவரேதான். சிரித்தால் தையல் இழுத்தது. “அம்மாடி” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. சங்கச் செயலாளர்.

அம்மா எடுக்கப் போனாள். “உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேங்க.”

வெண்கலம் கையை நீட்டிப் போனை வாங்கினார். ஒரு மாதமாக அவர் யாருடைய போனையும் எடுத்ததில்லை.

“அண்ணே! பல்லு கட்டியாச்சா?” சந்தைக்காரர்கள் பேசும்போது போனே தேவையில்லை, அறை முழுக்கக் கேட்டது.

“கீழ கட்டியாச்சு. மேல இல்ல. இன்னும் சில மாசம் இருக்காது.”

செயலாளரின் குரல் இறங்கியது. “அப்போ ஞாயித்துக்கிழமை...”

“வர்றேன். பொக்கை வாயோட வர்றேன். பார்க்காதவங்க இருந்தா முன்வரிசையில உட்காரவை, நல்லா பார்த்துக்கட்டும்.” மூச்சு வாங்கிக்கொண்டார். சொல்லுக்குச் சொல் நாக்கு போய்ப் பல்லைத் தேடி, கிடைக்காமல் திரும்பியது. “முதல் ஏலம் நான் கூவல. என் தம்பி கூவுவான். நான் பக்கத்துல நிப்பேன். அன்னிக்கு என் மானத்தைக் காப்பாத்தினவன் அவன். அதை நான் எல்லார் முன்னாடியும் சொல்லணும்.”

‘தம்பி’ என்பது ‘அம்பி’ என்றுதான் வந்தது. ஆனால் வாசலில் நின்றிருந்தவருக்கு அது சரியாகவே கேட்டது. சித்தப்பா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வருவதா போவதா என்று தெரியாத நிலை.

“அங்கேயே நின்னா எப்படி, தம்பி?” என்றாள் அம்மா. “உட்காருங்க. காலையிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டீங்களா இல்லையா?”

சித்தப்பா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வெண்கலம் போனை வைத்துவிட்டுத் தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “எத்தனை பெட்டிடா தக்காளி?” என்று கேட்டார். சித்தப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். குரல் வரவில்லை. இருமினார். இன்னொரு முறை இருமினார். “சந்தோஷத்துல தொண்டை அடைச்சிடுச்சு” என்று அம்மா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

டம்ளருக்கு மேலாகச் சித்தப்பாவின் கண்கள் மகளைத் தேடிப் பிடித்தன. மெல்லத் தலையை அசைத்தார். வேண்டாம்.

அறையில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அவளைப் பார்த்தும் சிரித்தார். காலையில் உருவிக்கொண்ட கையை இப்போது அவராகவே நீட்டினார்.

“என்ன குட்டி, இன்னும் கோவமா? நான் மயக்கத்துல ஏதோ சொல்லிட்டேன். விடு.”

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள்.

“அப்பா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இப்பவே சொல்லணும். சித்தப்பா ஞாயித்துக்கிழமை கூவக் கூடாது.”

சிரிப்பு நின்றது. சித்தப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.